குப்புறப் படுத்தவர் சொல்ல நினைத்தது

"லாக்டிக் ஆசிட் நிறைய தேங்கியிருக்கு சார்."

போன ஞாயிறு பதினொன்றே கால் மணிக்கு, சென்னையில் ஒரு ஸ்போர்ட்ஸ் மசாஜ் நிலையத்தில், இதை எழுதுகிறவரின் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அந்தத் தம்பி சொன்னது இது. தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்த பிளம்பரின் குரல். எழுதுகிறவருக்கு வயது 52. காலையில் பத்து கிலோமீட்டர் ஓடியிருந்தார். எவ்வளவு நேரத்தில் என்று கேட்க வேண்டாம். கைக்கடிகாரம் சொன்னது, அவர் அதை வாட்ஸ்அப் குழுவில் போடவில்லை. போடாத ஒரே ஆள் அவர்தான் என்பதிலிருந்து மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.

இன்று வியாழன். கோபம் இன்னும் தீரவில்லை.

மசாஜுக்குப் போகலாமா, போனால் எத்தனை நிமிடம், எவ்வளவு கொடுக்கலாம், எந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டுப் படுக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதித் தருவதாகத்தான் ஆசிரியரிடம் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு முன் அந்த ஓட்டையைப் பற்றிக் கொஞ்சம்.

மேசையின் தலைமாட்டில் இருக்கிற ஓட்டை. குப்புறப் படுத்து முகத்தை அதற்குள் பொருத்த வேண்டும். மெதுவடையின் நடுவிலிருந்து எறும்பு எட்டிப் பார்க்கிற மாதிரி. மேலே விரித்திருக்கும் காகிதத் துணி மூக்கில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது நிமிடத்தில் புவியீர்ப்பு வேலையைத் தொடங்கும். ஜலதோஷம் இல்லாதவருக்கும் மூக்கு ஒழுகும். துடைக்கக் கையை எடுத்தால் "கையை லூசா விடுங்க சார்" என்று அதைத் திரும்ப வைத்துவிடுவார்கள். அதன்பிறகு ஒரு மணி நேரம் மூக்கும் தரையும் மட்டும்தான்.

தரையில் பார்க்க என்ன இருக்கிறது? ஆடம்பர ஸ்பா என்றால் கிண்ணத்தில் பூ மிதக்கவிட்டு வைப்பார்கள். ஸ்போர்ட்ஸ் மசாஜுக்கு வருகிறவன் வீரன். வீரனுக்குப் பூ எதற்கு? இங்கே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யாரோ விட்டுப்போன ஒற்றை சாக்ஸ், தம்பியின் ரப்பர் செருப்பு. இந்தச் செருப்பைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. குப்புறப் படுத்தவனுக்கு வானிலை அறிக்கை அதுதான். செருப்பு இடப்பக்கம் போனால் இடது தொடை போச்சு. இரண்டும் சேர்ந்து நின்றால் உள்ளங்கை வருகிறது, பயமில்லை. ஒன்று பின்னால் போய் ஊன்றிக்கொண்டால் கட்டைவிரல். குதிகால் இரண்டும் செருப்பை விட்டு எழும்பினால் முழங்கை வருகிறது. பல்லைக் கடித்துக்கொள்ள ஒரு விநாடி அவகாசம் உண்டு. நாலைந்து முறை போய்வந்தவர்களுக்கு இது அத்துப்படி. வெளியில் சொல்ல மாட்டார்கள்.

அந்த ஓட்டையிலிருந்து விவாதம் செய்ய முடியாது என்பதுதான் இங்கே விஷயம். "அது லாக்டிக் ஆசிட் இல்ல தம்பி" என்று எழுதுகிறவர் சொன்னார். மேலே போய்ச் சேர்ந்தது "ம்ம்ஃப்" மட்டும்.

"பிரஷர் ஜாஸ்தியா சார்?"

"இல்ல, இல்ல. ஓகே."

ஓகே இல்லை. ஆனால் பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருபது வயதுப் பையன் ஒருவன் சத்தமே போடாமல் படுத்திருக்கும்போது, 52 வயதுக்காரர் "மெதுவா" என்று சொல்லிவிட முடியுமா? தாழிட்ட குளியலறைக்குள் கத்திக்கொள்ளலாம் என்று அந்தக் கத்தலைச் சேமித்து வைத்தார்.

அவர் தரையைப் பார்த்துச் சொல்ல நினைத்தது இதுதான். தசைக்கும் லாக்டிக் ஆசிட்டுக்கும் உள்ள கணக்கைப் போட்டுக்காட்டியவர்கள் இங்கிலாந்தின் ஆர்ச்சிபால்ட் ஹில்லும் ஜெர்மனியின் ஓட்டோ மேயர்ஹோஃபும். இருவருக்கும் சேர்த்து 1922-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல். ஆராய்ச்சி நடந்தது தவளைத் தசையில். பாவம், அந்தத் தவளைகள் எந்த மாரத்தானுக்கும் பெயர் கொடுத்தவை அல்ல. அங்கிருந்து பிறந்த 'ஆசிட் சேர்ந்தால் களைப்பு, தேங்கினால் வலி' என்ற கதை நூறு வருடமாக ஜிம்முக்கு ஜிம் கைமாறி, கடைசியில் எழுதுகிறவரின் கெண்டைக்காலுக்கு வந்து நின்றிருக்கிறது.

ஓடி முடித்த ஒரு மணி நேரம் வாக்கில் ரத்தத்திலுள்ள லாக்டேட் (அந்த ஆசிட் உடம்புக்குள் எடுக்கிற வடிவம்) கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு இறங்கிவிடும். எழுதுகிறவர் ஓட்டத்தை முடித்தது ஏழரைக்கு, படுத்தது பதினொன்றே காலுக்கு. இடையில் பொங்கல், வடை, இரண்டு காபி. அவர் ஓடிய வேகத்துக்கு அந்த வஸ்து பெரிதாக ஊறியிருக்குமா என்பதே சந்தேகம். அப்படியே ஊறினாலும் அது கழிவு அல்ல. கலிபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ் பல ஆண்டுகள் இதன் பின்னால் அலைந்து, லாக்டேட்டை இதயமும் மற்ற தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன என்று காட்டினார். வடையைச் சாக்கடை என்று சொல்லிக்கொண்டிருந்த மாதிரிதான்.

பிறகு வலி? அது பழகாத வேலையால் தசைநாரில் ஏற்படும் நுண்ணிய சேதம். 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர் தசைக்குள் கிழிசல் என்று ஊகித்து எழுதிவிட்டார். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது இது அதிகம்; அதனால்தான் ஏறியதைவிட மேம்பாலத்தில் இறங்கியது பழிவாங்குகிறது. உச்சம் ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்து. திங்கட்கிழமை அலுவலகப் படிக்கட்டில் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குகிறவர்கள் எல்லாம் ஞாயிறு ஓடியவர்கள்.

இன்னும் இருக்கிறது. கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆட்களை இரண்டு நிமிடம் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வைத்து, உடனே முன்கையைப் பிசைந்து பார்த்தார்கள். 2010-இல் வந்த முடிவு: பிசைகிற அழுத்தத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, லாக்டிக் ஆசிட் வெளியேறுவது தாமதமாகிறது. அதாவது தேங்காததை எடுக்கப் போய்த் தேக்கி வைக்கிற வேலை. இதை அந்தத் தம்பியிடம் சொல்ல எழுதுகிறவர் துடித்த நேரம் பார்த்துக் குதிகால் எழும்பியது.

முழங்கை.

ஊரில் சுளுக்கு எடுப்பவர் இப்படியெல்லாம் பேசியதில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டால் கால் முன்னே வரப் பிறந்த ஆளைத் தேடிப் பிடித்து மிதிக்கச் சொல்வார்கள். அவர் மிதிப்பார், வெற்றிலை வாங்கிக்கொள்வார், போய்விடுவார். வேதியியல் பேச மாட்டார். விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுகிற பாட்டி "நரம்பு புரண்டிருக்கு" என்பாள். அதுவும் தப்புதான். ஆனால் நரம்பைப் புரட்டி வைக்கப் பாட்டி ஜிஎஸ்டி போட்டதில்லை.

இந்த விஞ்ஞானப் போர்வைதான் எழுதுகிறவருக்குப் பிடிக்கவில்லை. காலைப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் காசு கொடுக்க நம் ஆட்களுக்குக் கூச்சம். கைவண்டி மாதிரி ஓடினாலும் 'அத்லெட்' என்று சொல்ல வேண்டும், 'ரிகவரி' என்று சொல்ல வேண்டும். வீட்டில் "காலைக் கொஞ்சம் அமுக்கிவிடேன்" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும், "பத்து கிலோமீட்டர் ஓடச் சொன்னது யாரு?" வந்தது.

பாதி நேரத்தில் தம்பி அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். "கப்பிங் பண்ணிடலாமா சார்? ஃபெல்ப்ஸ் பண்ணாரு." 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் கிண்ணம் உறிஞ்சி வட்ட வட்டமாகக் கன்றிய தழும்போடு வந்தது உண்மை. 5 தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கிப் போனதும் உண்மை. அந்த மனிதர் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு குதித்திருந்தாலும் ஜெயித்திருப்பார். தழும்போடு வீட்டுக்குப் போனால் தானும் ஜெயிக்கலாம் என்று எழுதுகிறவருக்குத் தோன்றவில்லை. பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதான் தோன்றியது.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் மறுபக்கமும் உண்டு. அதே கனடாவில், மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், 11 இளைஞர்களைச் சோர்ந்து விழுகிறவரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்தார்கள். பிறகு இரண்டு தொடையிலிருந்தும் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைவு. லாக்டேட்டில் வித்தியாசம் இல்லை. இது 2012. ஊசி குத்திச் சதை எடுத்த பிறகு அந்தக் கால்களுக்கு யார் மசாஜ் செய்தார்கள் என்ற கவலை எழுதுகிறவருக்கு உண்டு.

2020-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து 29 ஆய்வுகளையும் 1012 பேரையும் சேர்த்துப் பார்த்தார்கள். வேகம், பலம், தாவல், தாக்குப்பிடிப்பது எதிலும் மசாஜால் முன்னேற்றம் இல்லை. உடல் வளைவதிலும் மறுநாள் வலியிலும் மட்டும் கொஞ்சம் நன்மை.

கொஞ்சம்! இந்த வார்த்தையை எந்த நிலையத்தின் பலகையிலாவது பார்த்திருக்கிறீர்களா?

எழுந்து உட்கார்ந்தபோது கால் லேசாக இருந்தது. நிஜமாகவே லேசாக இருந்தது, எரிச்சலே அங்கேதான். நாலு ஆய்வை மனதுக்குள் ஒப்பித்துவிட்டு எழுந்தவன் 'அப்பாடா' என்று முனகினால் என்ன மரியாதை? முகத்தைச் சுற்றி ஓட்டையின் விளிம்பு சிவப்பு வளையமாகப் பதிந்திருக்க, அவர் ரிசப்ஷனுக்கு நடந்தார். அந்த முகத்தோடு யாரும் லாக்டேட் பற்றிப் பேச முடியாது.

"எப்படி சார் இருக்கு?" என்றார் தம்பி. முன்கையைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தார். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது பேருக்குப் பிடித்துவிட்டிருக்கிறார். அவருக்குப் பிடித்துவிட யாரும் இல்லை.

"நல்லா இருக்கு தம்பி."

"ஆசிட் எல்லாம் எடுத்தாச்சு சார். நிறைய தண்ணி குடிங்க."

எழுதுகிறவர் வாயைத் திறந்தார். இப்போது ஓட்டை இல்லை, காகிதத் துணி இல்லை, 1922 முதல் 2020 வரை எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் கவுன்ட்டரில் இருந்த பெண், ஐந்து தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் ஒன்று இலவசம், 90 நாளில் முடித்துவிட வேண்டும் என்றார்.

கட்டிவிட்டார். எவ்வளவு என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். வீட்டுக்கே இன்னும் சொல்லவில்லை. ஆறும் அப்படியே இருக்கின்றன. முதலாவது இந்த ஞாயிறு, பதினொன்றே காலுக்கு.