பிரியாவிடை மாமா

பிரியாவிடை மாமா ஒரு குழுவை விட்டுச் சும்மா போகமாட்டார். கடிதம் எழுதிவைத்துவிட்டுத்தான் போவார். ‘அன்பார்ந்த உறவுகளே’ என்று ஆரம்பிக்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்ன தீர்ப்பு வரும். அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு வரும். தன்மானம் நாலைந்து இடத்தில் வரும். இனிமேல் தன்னை எந்தச் செயலியில் பிடிக்கலாம் என்ற விவரமும் வரும். அடியில் ஒரு பின்குறிப்பு: ‘ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு வேன் எத்தனை மணிக்கு என்பதை யாராவது எனக்குத் தனியாகச் சொல்லவும்.’

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். பெங்களூரில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயது பிரியாவிடை மாமாக்களும் உண்டு. ஆனால் அசல் சரக்கு, அரசாங்க ஆபீஸில் ஆயுசு பூராவும் ஃபைல் பார்த்து ரிட்டையரானவர்தான். நாமெல்லாம் படிக்காமலே ‘சம்மதம்’ என்று அமுக்குகிற ரகம். அவர் விதிமுறைகளைப் பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் பென்சிலால் ‘ஏன்?’, ‘யாரைக் கேட்டு?’ என்று குறித்துவைப்பவர். யோசித்துப் பார்த்தால், அந்தச் செயலிக் கம்பெனிகளை மனதார நம்பியவர் குடும்பத்திலேயே அவர் ஒருவர்தான். அதனால் கோபமும் அவருக்குத்தான் வருகிறது. நமக்கு எதுவும் உடையவில்லை, இருந்தால்தானே உடைய?

எங்கள் மாமாவின் முதல் பிரியாவிடை 2018 ஏப்ரலில் நடந்தது. ஃபேஸ்புக் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற கம்பெனியிடம் போன விவகாரம் நாறிக்கொண்டிருந்த நேரம். குணம் பார்த்துச் சொல்லும் வினாடிவினாச் செயலி ஒன்றை ஃபேஸ்புக் வழியாக இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். அவர்களின் நண்பர்கள் பட்டியல் வழியாக விவரம் கசிந்திருக்கக்கூடியவர்கள் 5,62,000-க்கும் மேல் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. லட்சக்கணக்கு மாமாவைப் பாதிக்கவில்லை. அந்த 335 தூங்கவிடவில்லை. அதில் ஒருத்தன் நம் குடும்பத்தில்தான் இருக்கிறான் என்று அடித்துச் சொன்னார். சந்தேகம் மன்னார்குடி மாப்பிள்ளை மேல். போன ஜென்மத்தில் தான் எந்த ராஜா என்று பார்த்துப் பார்த்துப் போடுகிறவர் அவர்தான்.

அந்தக் காலத்தில் ஃபேஸ்புக் கணக்கை முடக்கப் போனால் அது லேசில் விடாது. நண்பர்களின் படத்தைக் காட்டி, நீங்கள் போனால் இவர் ஏங்கிப்போவார் என்று கெஞ்சும். மாமாவுக்கு அது காட்டியது பங்காளி ஒருவரின் படம். கிணற்றுப் பங்கு வழக்கில் எதிராளி. எதிரே வந்தால் மாமா தெரு மாறிப் போவார். “இவனா ஏங்குவான்?” என்று ஒரு அமுக்கு அமுக்கினார். ஆச்சு, கணக்கு முடங்கிவிட்டது.

உடனே வாட்ஸ்அப்புக்கு வந்து வெற்றியை அறிவித்தார். வாட்ஸ்அப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டனே ஃபேஸ்புக்கை அழித்துவிடச் சொல்லி ட்வீட் போட்டிருக்கிறாரே என்றார். அந்த ஆக்டனும் கூட்டாளியும்தான் 2014-இல் வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக்குக்கு 1,900 கோடி டாலருக்குப் பேசிக் கொடுத்தவர்கள் என்று அக்கா மகள் எழுதினாள். “மாமா, நீங்க திண்ணையிலேர்ந்து எழுந்து கொல்லைப்பக்கமாப் போய் அதே வீட்டுலதான் உட்கார்ந்திருக்கீங்க.” மாமா பதில் போடவில்லை. கொஞ்ச நாளில் மருமகள், பேரனின் பிறந்தநாள் படங்களை ஃபேஸ்புக்கில் மட்டும் போட்டாள். பழைய பாஸ்வேர்டு அப்படியே வேலை செய்தது.

ஆனால் மாமாவின் பொற்காலம் என்றால் 2021 ஜனவரிதான். பிப்ரவரி 8-க்குள் புதிய அந்தரங்கக் கொள்கைக்குச் சம்மதம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இடத்தைக் காலி பண்ணு என்கிற தோரணையில் வாட்ஸ்அப் எல்லோருக்கும் நோட்டீஸ் விட்டது. ஜனவரி 7 அன்று எலான் மஸ்க், சிக்னலுக்குப் போங்கள் என்று இரண்டே வார்த்தையில் ட்வீட் போட்டார். அதைக் கேட்டு அமெரிக்காவில் ஒரு கூட்டம், டெக்ஸாஸில் சம்பந்தா சம்பந்தமில்லாத ‘சிக்னல் அட்வான்ஸ்’ என்ற குட்டிக் கம்பெனியின் பங்கை முட்டிமோதி வாங்கியது. மாமா அந்த விஷயத்தில் கெட்டி. வாட்ஸ்அப்பைத் தூக்கிவிட்டு, சரியான சிக்னல் செயலியையே இறக்கினார்.

சிக்னலில் ஒரு வழக்கம். நம் போனில் நம்பர் உள்ள யாராவது புதிதாகச் சேர்ந்தால், இன்னார் வந்துவிட்டார் என்று டிங் என்று தகவல் வரும். மாமா ஆவலோடு உட்கார்ந்திருந்தார். முதல் டிங்: ‘கேஸ் அடுப்பு ரிப்பேர்’ வந்துவிட்டார். அடுத்து ‘வேளச்சேரி புரோக்கர் எடுக்காதே’ வந்துவிட்டார். அதற்கப்புறம் ‘மாடி போர்ஷன் அட்வான்ஸ் பாக்கி’. எல்லோருக்கும் ‘வருக வருக’ என்று எழுதினார். கேஸ் அடுப்புக்காரர் மட்டும் ‘சார் எந்த ஏரியா?’ என்று கேட்டார்.

பொங்கல் 14-ஆம் தேதி. 15-ஆம் தேதி மாட்டுப் பொங்கல் ராத்திரி, உலகம் முழுக்க வந்து விழுந்த கூட்டம் தாங்காமல் சிக்னல் படுத்துவிட்டது. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. காணும் பொங்கலும் அதுவுமாக மாமாவால் ஒரு ஆளையும் காணமுடியவில்லை. “ஊர்லேர்ந்து எல்லாரும் வாட்ஸ்அப்புல வாழ்த்து அனுப்பியிருக்காங்க. பார்க்கிறீங்களா?” என்று அத்தை தன் போனை நீட்டினார். மாமா கண்ணாடியைத் தேடினார். கொள்கை தன் போனுக்கு மட்டும்தான் என்று விளக்கமும் சொன்னார்.

அத்தை போனில்தான் மற்றதையும் பார்த்தார். வாட்ஸ்அப் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்திருந்தது. கெடுவை மே 15-க்குத் தள்ளிப்போட்டது. ஸ்டேட்டஸ் பக்கத்தில் சித்தி பையன் நிச்சயதார்த்தப் படத்தோடு வாட்ஸ்அப்பே ஒரு ஸ்டேட்டஸ் வைத்து, உங்கள் அந்தரங்கம் பத்திரம் என்று சொன்னது. இதற்கெல்லாம் மாமா மசியவில்லை. “தப்புப் பண்ணாதவன் எதுக்கு விளம்பரம் குடுக்கறான்?” என்று கேட்டார். எனக்கும் அது சரியான கேள்வியாகத்தான் பட்டது.

அவரைத் திருப்பிக் கொண்டுவந்தவர் அபார்ட்மென்ட் செயலாளர். நாளைக் காலை தொட்டி கழுவுகிறோம், ஆறரைக்கு மேல் தண்ணீர் வராது என்ற அறிவிப்பு வாட்ஸ்அப்பில் மட்டும் வந்தது. ஏழு மணிக்கு மாமா தலை நிறைய ஷாம்புவோடு, இடுப்பில் ஈரத்துண்டோடு, பால்கனிக்கு வந்து மொத்த பிளாக்குக்கும் கேட்கும்படி சட்டம் பேசினார். எதிர் வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வந்தது. மத்தியானம் குடும்பக் குழுவில் மாமாவின் நம்பரிலிருந்து ஒரு கும்பிடு பொம்மை வந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நாங்கள் கேலி செய்வோமே தவிர, நியாயம் முக்கால்வாசி அவர் பக்கம்தான். அந்த 2021 கொள்கையை ஜனங்கள் தலையில் கட்டிய விதம் தப்பு என்று இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் இரண்டுக்கும் முதலாளியான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மெட்டா மேல்முறையீட்டுக்குப் போனது. மாமா அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்து, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வேறு எங்கே அனுப்புவார்? அதைப் பார்க்கவேண்டிய சம்பந்தி, செயலாளர், மருந்துக்கடைப் பையன், மன்னார்குடி மாப்பிள்ளை எல்லோரும் அங்கேதானே இருக்கிறார்கள். கம்பெனிக்கு மாமாவின் மனசை மாற்றவேண்டிய அவசியமே இல்லை. இவர்கள் நகராமல் இருந்தால் போதும்.

மாமாவுக்கு வாட்ஸ்அப் செய்த பெரிய கொடுமை இதெல்லாம் இல்லை. 2022 ஆகஸ்டில், குழுவை விட்டுச் சத்தமில்லாமல் போகும் வசதி வருவதாக அறிவித்தார்கள். அட்மினுக்கு மட்டும்தான் தெரியுமாம். யாருக்கும் தெரியாமல் போவதென்றால் எதற்குப் போகவேண்டும்? விலகியவர்கள் பெயர் 60 நாள் வரை ஒரு பட்டியலில் இருக்கும் என்று மட்டும் ஆறுதல். மாமாவின் பெயர் அதில் அத்தனை நாள் தங்கியதாகச் சரித்திரம் இல்லை.

அதே வருஷக் கடைசியில் மஸ்க் ட்விட்டரை வாங்கினார். மாமா, யார் பேச்சைக் கேட்டு சிக்னலுக்குப் போனாரோ அவரால் ட்விட்டரை விட்டு மாஸ்டடானுக்குப் போனார். அங்கே இருந்த தனிமையைப் பற்றி அவர் பேசுவதில்லை. 2021-இல் ட்விட்டரிலிருந்து தள்ளப்பட்டு, ட்ரூத் சோஷியல் என்று சொந்தமாகக் கடையே போட்ட டிரம்ப், 2023 ஆகஸ்டில் தன் சிறைப் புகைப்படத்தை, எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டரில் கொண்டுவந்து போட்டபோது மாமாவும் உள்ளே வந்தார். “முதலாளிக்கே சொந்தக் கடையில கூட்டம் இல்லை” என்றார்.

2025 செப்டம்பரில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. சோஹோ கம்பெனியின் அரட்டைச் செயலி! பெயரே தமிழ். ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 ஆகிவிட்டது என்று சோஹோவை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு எழுதியதை மாமா எங்களுக்கு அனுப்பினார். போன் போட்டு ஒவ்வொருவரையும் உள்ளே இழுத்தார். செய்திகளுக்கு இன்னும் முழு மறையாக்கம் இல்லையே மாமா என்று அக்கா மகள் கேட்டாள். “கொண்டுவருவாங்கம்மா, நம்ம தென்காசிப் பசங்க” என்றார். இந்தத் தடவை எதையும் பிரிண்ட் எடுக்கவில்லை.

எல்லோரும் வந்தோம், வணக்கம் போட்டோம். அப்புறம் அங்கே சத்தத்தைக் காணோம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாமா வாட்ஸ்அப்பில் எழுதினார்: ‘அரட்டையில் முக்கியமான விஷயம் ஒன்று போட்டிருக்கிறேன். அனைவரும் சென்று பார்க்கவும்.’

‘என்ன விஷயம்னு இங்கேயே போட்டுடுங்களேன் அண்ணா’ என்றார் சித்தி.

போட்டார். வாட்ஸ்அப்பை விட்டு நாம் அனைவரும் உடனே விலகவேண்டியதற்கான காரணங்கள், நம்பர் போட்டு, ஒன்பது. அத்தனை பேரும் கட்டைவிரல் தூக்கினோம்.