பிராண்டு அண்ணாச்சி

தென்காசியில் பஸ் ஏறி சங்கரன்கோவில் வரை போனால் வழியில் ஊருக்கு ஒரு பிராண்டு அண்ணாச்சியைப் பார்க்கலாம். கடைக்குள் தேட வேண்டாம். கடைக்கு எதிர்வரிசையில் நின்று, ஒரு கண்ணை இடுக்கி, செல்போனை உயர்த்திப் பிடித்துத் தன் கடையையே வீடியோ எடுத்துக்கொண்டிருப்பவர் அவர்தான். போகிற வருகிற டூவீலர்களை, "கொஞ்சம் நில்லுங்க, பிரேமுக்குள்ள வாரீங்க" என்று கையைக் காட்டி நிறுத்துவார். அப்படி நிறுத்தப்பட்டவர்களில் சிலர் அவர் கடைக்கே வந்தவர்களாக இருப்பார்கள்.

கல்லாவில் அவர் மனைவி இருப்பார்.

எங்கள் தெரு அண்ணாச்சிக்கு மரச்செக்கு எண்ணெய் வியாபாரம். வாகை மரச் செக்கு, மோட்டாரில் ஓடுவது. செவ்வாய்க்கிழமை எள், வெள்ளிக்கிழமை கடலை, நடுவில் தேங்காய். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ரெண்டரைக் கிலோ எள்ளாவது வேண்டும், ஆட்டும்போது கருப்பட்டி சேர்க்க வேண்டும், எள் சரியாகக் காயாவிட்டால் எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும் என்பதெல்லாம் அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். விழித்திருக்கும்போது கேட்டால்தான் சொல்ல மாட்டார். "எண்ணெ கெடக்கு விடுங்க, அது எல்லாவனும் ஆட்டுதான். பிராண்டிங் பத்திப் பேசுவோம்" என்பார்.

இந்த நோய் அவருக்குக் கோயம்புத்தூரில் தொற்றியது. அங்கே ஒரு ஓட்டலில், சிறு கடைக்காரர்களுக்கு மார்க்கெட்டிங்கை எளிமையாக்கிச் சொல்லித் தருகிறோம் என்று இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள். போகும்போது அண்ணாச்சி கையில் ஒரு மஞ்சப்பை. திரும்பி வரும்போது ரெண்டு ஃபைல், சுவரில் ஒட்ட ஒரு சார்ட், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, அடுத்த கட்ட வகுப்புக்கு முன்பணம் கட்டிய ரசீது.

"ரொம்பச் சிம்பிள் ஆக்கிட்டாங்க. மொத்தமே பதினெட்டுப் படிதான்" என்றார் டீக்கடையில்.

"சபரிமலைக்கும் அதான் கணக்கு. ஆனா அங்க போறதுக்கு முன்னால விரதம் இருக்கச் சொல்லுவாங்க" என்றார் டீ மாஸ்டர்.

அண்ணாச்சிக்கு அது காதில் விழவில்லை. முதல் படியில் கால் வைத்துவிட்டார். முதல் படி, உங்கள் வாடிக்கையாளர் யார் என்று கண்ணை மூடி யோசித்து எழுதுவது. வயது, சம்பளம், ஆசை, கவலை, என்ன வண்டி வைத்திருக்கிறார் என்று கேள்விகள் ரெண்டு பக்கத்துக்கு இருந்தன. அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். வயது 34. ஐடி வேலை. பெங்களூர். காலையில் யோகா. வீட்டில் ஒரு நாய். மலை ஏறுவதில் ஆர்வம். நாய்க்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் மூக்குத்தி ஆச்சி வந்து நின்றாள்.

"ஏ தம்பி, வெளக்குக்குக் கொஞ்சம் நல்லெண்ணெ வேணும்."

"இரிங்க ஆச்சி. கஸ்டமரைப் பத்தி எழுதிக்கிட்டு இருக்கேம்லா."

ஆச்சி இருந்து பார்த்தாள். பிறகு அண்ணாச்சி மனைவியை (தெருவில் எல்லோருக்கும் அவர் அக்கா) கூப்பிட்டு வாங்கிக்கொண்டு போனாள். பெங்களூர்க்காரர் இன்றுவரை வரவில்லை.

வகுப்பில் கதைகளும் சொல்லியிருக்கிறார்கள். வில்லங்கமே அங்கேதான். கதைகள் என்னவோ உண்மையானவை. சி.கே. ரங்கநாதன் 1983-இல் கடலூரில் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்பு தொடங்கியதும், ஊர் ஊராகப் போய்ப் பையன்களை உட்கார வைத்துத் தலைக்கு ஷாம்பு போட்டு, ஜனங்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதும் தமிழ்நாட்டு வியாபாரத்தில் சாதாரணக் காரியம் இல்லை. எந்தக் கம்பெனி ஷாம்பு உறையாக இருந்தாலும் ஐந்து காலி உறை கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். பழகிய பிறகு, சிக் உறை மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். இதைக் கேட்டுவிட்டு வந்த அண்ணாச்சி, எந்தக் கம்பெனி எண்ணெய் பாட்டிலாக இருந்தாலும் சரி, காலியாக ஐந்து கொண்டுவந்தால் கால் லிட்டர் கடலை எண்ணெய் இலவசம் என்று கடை வாசலில் ஃபிளெக்ஸ் கட்டினார்.

மறுநாள் காலை வாசலில் பழைய இரும்புக் கடைக்காரர் நின்றார். பின்னால் ஒரு குட்டியானை. அதில் கூரைக்கு மேல் காலி பாட்டில்.

"எண்ணிக்கிடுதீங்களா, எடை போட்டுக்கிடுவமா அண்ணாச்சி?"

ஷாம்பு உறையைக் குப்பையில் போடுவார்கள், பாட்டிலைப் பழைய இரும்புக்குப் போடுவார்கள் என்பதைக் கோயம்புத்தூரில் சொல்லித் தரவில்லை. பேச்சுவார்த்தை மத்தியானம் வரை நடந்தது. ஃபிளெக்ஸை அவிழ்த்து, திருப்பிப் போட்டுப் புண்ணாக்கு மூட்டைக்கு மேல் மூடினார்.

அடுத்த கதை இருட்டுக்கடை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே அந்தக் கடை 1900 வாக்கிலிருந்து இருக்கிறது. ஒற்றை விளக்கு எரிந்த காலத்தில் ஜனங்களாக வைத்த பெயர் அது. சாயங்காலம் திறப்பார்கள், அல்வா தீர்ந்தால் அடைத்துவிடுவார்கள். அண்ணாச்சி சின்ன வயதிலிருந்து அந்த வரிசையில் நின்று அல்வா வாங்கியவர். அப்போதெல்லாம் அது அவருக்கு அல்வாக் கடை. வகுப்புக்குப் போய் வந்த பிறகு அது 'ஸ்கேர்சிட்டி மார்க்கெட்டிங்' ஆகிவிட்டது. "போர்டு இல்ல, லைட்டு இல்ல, பகல்ல கட கெடையாது. ஆனா ஒலகம் பூரா பேரு! பாத்தீயளா?" என்றார். அன்றைக்கே பெயர்ப்பலகையைக் கழற்றினார். ட்யூப் லைட்டை அணைத்தார். இனிமேல் சாயங்காலம் ரெண்டு மணி நேரம்தான் கடை என்றார்.

முதல் நாள் வந்தவர் மின்வாரிய லைன்மேன். "பில்லு கட்டலையா அண்ணாச்சி? நம்ம கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்று வருத்தப்பட்டார். இரண்டாம் நாள் வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், செருப்பை வாசலில் விட்டு, குரலைத் தாழ்த்தி, "எத்தன மணிக்கு எடுக்கீங்க?" என்று கேட்டார். மூன்றாம் நாள் லைட் எரிந்தது. அல்வாவை விட்டுவிட்டு இருட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் வேறு என்ன நடக்கும்?

ஆனாலும் இவற்றால் பெரிய சேதம் இல்லை. சேதம் என்றால் கண்ணாடிக் கதவுதான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் நடந்தவர்களுக்கு அது தெரியும். செக்கு சூடேறி, கருப்பட்டியும் எள்ளும் கலந்து கசங்கி, முதல் எண்ணெய் கசியத் தொடங்கும்போது வருகிற வாசனை பஸ் ஸ்டாப் வரை போகும். வேறு வேலையாகப் போகிறவர்களும் ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுப்பார்கள். நின்றவர்களில் பாதிப் பேர் உள்ளே வருவார்கள். எண்ணெய் வாங்காத பையன்கள், செக்கிலிருந்து சூடாக ஒரு துண்டு எள்ளுப் புண்ணாக்கு வாங்கித் தின்றுகொண்டு போவார்கள். அந்தப் பையன்கள் வீட்டில் போய்ச் சொல்வார்கள். இந்த விளம்பரத்துக்கு அண்ணாச்சி ஒரு பைசா கொடுத்ததில்லை. அதனாலேயே அதை அவர் விளம்பரக் கணக்கில் சேர்க்கவில்லை.

'கடையின் தோற்றம்' என்ற படிக்கு வந்தபோது, செக்கை மறைத்துக் கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி வைத்தார். புண்ணாக்கு பிராண்டுக்கு இழுக்கு என்று பின்வாசலுக்குப் போனது. மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க வருகிற பால்காரர்கள், வந்த கையோடு வீட்டுக்கும் ஒரு லிட்டர் எண்ணெய் பிடித்துக்கொண்டு போவது வழக்கம். பின்வாசலில் எண்ணெய் இல்லை. முன்வாசலுக்கு வர அவர்களுக்குக் கூச்சம். செருப்பைக் கழற்ற வேண்டுமா, கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வாசனை மட்டும் உள்ளே ஏசியில் சுகமாக இருந்தது. விற்பனை இறங்கியதும் அண்ணாச்சி கவலைப்பட்டு, எண்ணெய் வாசனை வருகிற மாதிரி ரூம் ஸ்ப்ரே ஏதும் கிடைக்குமா என்று இணையத்தில் தேடினார். இதை நான் கற்பனை செய்யவில்லை. என்னிடமும் விசாரித்தார்.

கதவைக் கழற்றியது அக்கா. ஏசி வேலை செய்யவில்லை, காற்று வரட்டும் என்றார். ஏசி ஏன் வேலை செய்யவில்லை என்பது அவருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் மட்டும் தெரியும்.

கூகுள் மேப்பில் கடையை ஏற்றிய கதையையும் சொல்லிவிடுகிறேன். புள்ளி ஊர்க் குளத்துக்கு நடுவில் விழுந்தது. அதைச் சரிசெய்துவிட்டார். திறந்திருக்கும் நேரம் கேட்டபோது, கிழமைவாரியாகப் போடச் சோம்பல்பட்டு, 24 மணி நேரமும் என்ற பொத்தானை அமுக்கிவிட்டார். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு லாரி டிரைவர் வந்து கதவைத் தட்டினார். அவருக்கு வேண்டியது டீசல். எண்ணெய்க் கடை என்றுதானே போட்டிருந்தது! விமர்சனம் எழுதச் சொல்லிச் சொந்தக்காரர்களைக் கெஞ்சியதில், துபாயிலிருந்து ஒரு மாப்பிள்ளை ஐந்து நட்சத்திரம் போட்டு "அல்வா பிரமாதம்" என்று எழுதினார். உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், "நம் ஊரின் நம்பர் ஒன் கடை" என்று மனமாரப் பாராட்டி, அதற்குத் தக்கபடி ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார்.

வாட்ஸ்அப்பில், தன் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும் என்பது அவருக்கு மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. சேமித்திருந்தவர்கள் எண்ணெய் மில்காரரும், பாட்டில் சப்ளையரும், மச்சினனும். பிறகு குரூப் தொடங்கினார். அதில் இப்போது குட்மார்னிங்கும் மனை விற்பனையும் நடக்கின்றன.

முதலாளிகளே விளம்பரத்தில் நடிக்கும் காலம் இது. சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் விளம்பரத்தோடு நிற்காமல் 2022-இல் 'தி லெஜண்ட்' படத்தில் கதாநாயகனாகவே வந்தார். நம் அண்ணாச்சி சினிமாவுக்குப் போகவில்லை, ரீல்ஸோடு நிறுத்திக்கொண்டார். கூலிங் கிளாஸ் போட்டு, ஒரு லிட்டர் பாட்டிலைத் தோளில் சாய்த்து, செக்கைச் சுற்றி மெதுவாக நடந்து வருகிற காட்சி. நல்ல கூட்டம் பார்த்தது. கருத்துப் பகுதியில் நிறையப் பேர் கேட்ட கேள்வி, "அண்ணே, சட்டை எங்க எடுத்தது?" அந்த வாரம் பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வியாபாரம் நன்றாக நடந்தது.

இவ்வளவுக்கும் கடை ஓடுகிறது, கொஞ்சம் வளர்ந்தும் இருக்கிறது. வளர்ச்சிக்குக் காரணம் பன்னிரண்டாம் படி என்கிறார் அண்ணாச்சி. எனக்கென்னவோ கல்லா டிராயரில் கிடக்கும் நோட்டின் மேல் சந்தேகம். பிள்ளை மிச்சம் வைத்த கணக்கு நோட்டு அது. அக்கா எழுதுவது இப்படி: "மாடி வீட்டு டீச்சர், 5 லி. கடலை, ஆடி 3." "புல்லட் மாமா, மகளுக்குத் தலைப்பிரசவம், நல்லெண்ணெய் கூட வேணும்." "ஈபி சார், பாட்டில் கொண்டாருவார், மூடி கொண்டார மாட்டார்." "கோயில் வீடு, மருமக வந்தாச்சு, இனி சன்ஃபிளவர்." மாடி வீட்டில் ஐந்து லிட்டர் ஒன்றரை மாதத்துக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். தீரப்போகிற வாரத்தில், டியூஷனுக்குப் போகும் பையனிடம், "டீச்சர்ட்ட வெள்ளிக்கெழம ஆட்டுதோம்னு சொல்லிரு" என்பார். வாசலில் ஒரு சிலேட்டு. இன்றைக்கு எள், நாளைக்குத் தேங்காய் என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். எழுதியபடி ஆட்டுவார்கள்.

நோட்டு விஷயம் ஒருநாள் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. "இதுக்குப் பேரு சிஆர்எம்! இத ஆப்ல ஏத்தி எளிமையாக்கணும்" என்று துள்ளினார். நோட்டைத் தர அக்கா சம்மதிக்கவில்லை. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அண்ணாச்சி போட்டோ எடுத்துக்கொண்டார். ஆப் செய்ய வந்த தம்பி முதல் பெயரை ஏற்றினான்: மூக்குத்தி ஆச்சி. மின்னஞ்சல் இல்லாமல் நகர மாட்டேன் என்று ஆப் சிவப்பில் காட்டியது. செல்போன் நம்பரும் கேட்டது. கடைசியில் எல்லோருக்கும் அண்ணாச்சியின் மின்னஞ்சலையும் நம்பரையுமே போட்டார்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1. யாருக்குமே தெரியவில்லை.

ஜனவரி முதல் தேதி விடியற்காலையில் அண்ணாச்சியின் செல்போன் அலற ஆரம்பித்தது. ஆச்சி முதல் ஈபி சார் வரை அத்தனை பேருக்கும் உரிய பிறந்தநாள் வாழ்த்து, ஆளுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடியோடு, அவருக்கே வந்துகொண்டிருந்தது. வந்த வாழ்த்து வீணாவானேன் என்று அதில் ஒன்றைக் கல்லாவில் கொண்டுபோய்க் காட்டி, ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குத் தள்ளுபடி கேட்டுப் பார்த்தார்.

அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்க பேரு இதுல இல்லியே" என்றார்.