சீமாட்டி கேத்தரின் கடாரத்தவரே: ஒரு முதற்கட்ட ஆய்வு

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813 ஜனவரி 28இல் லண்டனில் வெளிவந்தபோது கெடாவில் ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. மலாயாவுக்கே கன்றுகள் 1877இல்தான் வந்தன. அந்நாவலின் மாந்தர் அனைவரும் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் இடைப்பட்ட தோட்டங்களில் வாழ்ந்தவர்களே என்னும் இவ்வாய்வின் கருதுகோளுக்குக் காலம் ஒரு சிறு இடையூறு. கருத்தரங்க மரபில் இடையூறுகளை அடிக்குறிப்புக்குத் தள்ளுவார்கள். இங்கே அடிக்குறிப்புக்கு இடமில்லை.

ஆய்வாளர் ஹார்வர்டில் படித்தவர். பீடோங் ஹார்வர்ட் தோட்டம், மூன்றாம் டிவிஷன் தமிழ்ப்பள்ளி, ஆறாம் ஆண்டு வரை. கூலிம் வட்டார டப்ளின் தோட்டத்தில் மாமா வீடு இருந்ததால் ஐரோப்பியத் தொடர்புக்கும் குறைவில்லை. பாடாங் செராய்ப் பக்கத்து விக்டோரியா, ஹென்ரியட்டா தோட்டங்களைப் பென்னட் வீட்டில் ஆஸ்டின் எழுதாமல் விட்ட இரு தங்கைகள் என்று கொள்ள இடமுண்டு.

இனி பென்னட் வீட்டாரில் தொடங்கி வகைப்பாடு.

ஜேன்: நல்ல பெண். மேரி: புத்தகம் படித்ததை எல்லாரிடமும் சொல்லும் பெண், ஆய்வாளர்களின் குலதெய்வம். கிட்டி: இருமுவாள்.

திருமதி பென்னட்டுக்கு அடிக்கடி நரம்பு படபடக்கும். லயத்தில் இந்நோய்க்குப் பிரஷர் என்று பெயர். மூத்த பெண்ணுக்கு வரன் தட்டிப்போன மறுநாள் ஏறும்.

எலிசபெத் மூன்று மைல் நடந்து பாவாடையில் ஆறு அங்குலச் சேற்றோடு போய் நின்றதைப் பிங்லியின் சகோதரிகள் பேசித் தீர்க்கிறார்கள். மழைக்காலப் பெரட்டில் நின்றவர்கள் இதைப் படித்தால், மிச்சச் சேறு எங்கே என்றுதான் கேட்பார்கள்.

டார்சி மண்டபத்தில் நுழைந்து ஐந்து நிமிடம் ஆகுமுன் அவருடைய ஆண்டு வருமானம் பத்தாயிரம் பவுன் என்ற செய்தி சுற்றிவிடுகிறது (அத்தியாயம் 3). கெடாவில் இவ்வளவு தாமதம் ஆகாது. மாப்பிள்ளை காடியை நிறுத்திக் கதவைச் சாத்துவதற்குள் அடிப்படைச் சம்பளம், ஓ.டி., ஈ.பி.எஃப்., காடிக்கு எத்தனை மாதக் கடன் பாக்கி என்பது வரை தெரிந்துவிடும் (சான்று: சுங்கை பட்டாணி ஒட்டுக்கடை, மேசை 4, தே தாரிக் ஆறுமுன்). எலிசபெத் நம்பி ஏமாந்த விக்கமுக்கு வருமானத்தைவிடக் கடன்தான் அதிகம். அவர் இங்கே பிறந்திருந்தால் ஆ லோங் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் அடித்து எலிசபெத்தை முன்பே எச்சரித்திருப்பான். நாவலில் நூறு பக்கம் மிச்சம் (மேலது, தே தாரிக் ஆறிய பின்).

இப்போது கோலின்ஸ். மற்ற அறிஞர்கள் இவரைச் சிறுபாத்திரம் என்பது பிழை. பாதிரியார் கோலின்ஸ் தம் புரவலர் சீமாட்டி கேத்தரின் வீட்டுக் கணப்படுப்பு மட்டுமே எண்ணூறு பவுன் என்பார். முகப்புச் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, கண்ணாடி போட எவ்வளவு ஆனது என்றும் சேர்த்துக்கொள்வார். ஒரே ஒரு முறை துரை பங்களா வரவேற்பறை வரை போய்வந்த கிராணி, ஓய்வுபெறும் வரை அந்தப் பங்களாவின் படிக்கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்ததை இதனோடு ஒப்பிடுக (மேலது, எதிர்மேசைக்காரரின் மறுப்பு, அம்மறுப்புக்குப் பக்கத்து மேசைக்காரரின் விரிவுரை, இரண்டையும் கேட்டுக் கடைக்காரர் ரொட்டி கருகவிட்ட நிகழ்வு ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்கவும்). துரைமார் போன பிறகும் இவ்வினம் அழியவில்லை. ஒலிவாங்கி பிடித்தது. கல்யாண மண்டபத்தில் சோறு ஆற ஆற, வந்திருக்கும் டத்தோக்களையும் வரமுடியாத டத்தோக்களையும் வரிசை பிசகாமல் அழைப்பவர் இவரே.

19ஆம் அத்தியாயத்தில் கோலின்ஸ் தாம் ஏன் மணம் செய்துகொள்ள வேண்டும் என்பதற்குக் காரணங்களை எண்ணிட்டு அடுக்குகிறார். பெண் வேண்டாம் என்கிறாள். அதை வெட்கம் என்று பொருள்கொள்கிறார். மூலம் இல்லை என்று சொன்னதும் உரை உண்டு என்று சொல்லும் இம்முறையை நம் உரையாசிரியர்கள் சிலர் இன்றும் கைவிடவில்லை.

சீமாட்டி கேத்தரின் பெயர்தான் இவ்வாய்வின் உச்சம். முதலாம் ராஜேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம் கெடாவே என்பர். கடாரம், கடாரன், கடாரின், கேத்தரின். ‘ட’ ‘த்த’ ஆனது கப்பலில் உப்புக்காற்று பட்டதால். பூஜாங் பள்ளத்தாக்கின் கற்கள் இதை மறுக்கவில்லை. கற்கள் எதையும் மறுப்பதில்லை. இதைவிட மெலிந்த சொற்பிறப்புகளுக்கு மாநாடுகளில் பொன்னாடை விழுந்திருப்பதால் ஆய்வாளர் நம்பிக்கையோடு இருக்கிறார்.

கருதுகோளுக்கு வெளியே ஒரு செய்தி, ஆய்வாளரையும் மீறி, ஒட்டிக்கொண்டு வருகிறது. பென்னட் குடும்பத்தில் ஐந்தும் பெண்கள். தந்தை கண்ணை மூடினால் வீடும் நிலமும் சட்டப்படி கோலின்ஸுக்குப் போய்விடும். கதையின் சிரிப்பெல்லாம் அந்தப் பயத்தின் மேல்தான் நடக்கிறது. லயத்து வீடும் வேலையோடு கட்டப்பட்டது. அப்பா பால் வெட்டுவதை நிறுத்தினால், வீட்டில் இன்னொருவர் பெரட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சாமான்களை லோரியில் ஏற்ற வேண்டும். சுதந்திரத்தையொட்டித் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது பலர் அப்படித்தான் ஏற்றினார்கள். அதைத் தடுக்கத்தான் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். பென்னட் வீட்டாரும் லூக்காஸ் வீட்டாரும் சந்தா கட்ட அப்படி ஒரு சங்கம் இருந்திருந்தால் எலிசபெத்தின் தோழி சார்லட் லூக்காஸ் 27 வயதில் கோலின்ஸுக்குக் கழுத்தை நீட்டியிருக்க மாட்டாள்.

இக்கட்டுரை ஒரு கருத்தரங்கில் படிக்கப்பட்டது. நெறியாளர் சிறப்பு விருந்தினர்களை வரவேற்க நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். ஆய்வாளருக்கு மூன்று நிமிடம். கிட்டியின் இருமலுக்கு வரும்போது மணி அடித்துவிட்டார்கள்.