துரைமார் விட்டுப்போன வேடிக்கை

கொடைக்கானல் ரோடு என்று ஒரு ரயில் நிலையம் அம்மையநாயக்கனூரில் இருக்கிறது. இறங்கி மலையைத் தேடினால், இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் என்பார்கள். பெயர் வைத்த துரைக்கு அபார நம்பிக்கை. மலைப்பாதை வருவதற்குமுன் துரைமார் பெரியகுளத்துப் பக்கமிருந்து டோலியில் ஏறினார்கள். ஏறினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது, ஏறியதெல்லாம் தூக்கியவர்கள்தான்.

துரைமாரில் முதலில் குடியேறியவர்கள் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார். சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சி 1845-ல் இரண்டு பங்களா கட்டினார்கள். பரலோகத்தின் அருமையை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவர்கள், அங்கே போவதற்கு மட்டும் அவசரப்படவில்லை.

அடுத்து வந்தார் மதுரைக் கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச். குளிர் இருக்கிறது, பங்களா இருக்கிறது, படகு விட இடமில்லையே! 1863-ல் ஓடைகளை மறித்துக் கரை போட்டார், ஏரி தயார். படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. கடலோரத்தில் சும்மா கிடந்ததை ஏழாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டுவந்தாரே, வேன் தலையில் கேஸ் அடுப்பும் இட்லிக் குண்டானும் கட்டிக்கொண்டு கொடைக்கானல் போகிற நம் குடும்பங்களுக்கு அவர்தான் ஆதிபுருஷர்.

அந்த ஏரியில் மிஞ்சுகிற தண்ணீர்தான் மலைப்பாதையில் 180 அடி விழுந்து சில்வர் காஸ்கேட் ஆகிறது. நாங்கள் போன வேன் அங்கே நின்றதும் எங்கள் அத்தை இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"அத்தை, இது தீர்த்தமில்ல. கலெக்டர் வெட்டுன ஏரியோட உபரித் தண்ணி."

"எந்தத் தண்ணியா இருந்தா என்னடா, மேல இருந்துதானே விழுகுது?"

இதற்கு லெவிஞ்சிடமும் பதில் இருந்திருக்காது. பக்கத்தில் ஒரு குரங்கு, பெரியப்பாவின் மக்காச்சோளத்தை வாங்கிக்கொண்டு போயிற்று. வரலாற்றுக் காலம் தொட்டு இங்கே வரி வசூலிப்பவர்கள் அவர்கள்தான்.

டெவில்ஸ் கிச்சன் என்று வெள்ளைக்காரர்கள் பெயரிட்ட குகையில் பிசாசு சமைத்ததாகத் தகவல் இல்லை. 1991-ல் கமல்ஹாசன் 'குணா' படத்தோடு வந்தார். பிசாசு வீட்டைக் காலி செய்தது. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் வந்ததும் கூட்டம் இன்னும் ஏறியது. உயிரைக் குடிக்கும் பள்ளம் என்பதால் வேலி போட்டிருக்கிறார்கள், நியாயம்தான். ஆகவே பார்க்க வந்தது குகை, பார்ப்பது கம்பி, போட்டோ எடுப்பது மரத்தின் வேர். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் காலாற நடக்கப் போட்ட பாதையிலோ, டிக்கெட் வாங்கி மேகத்துக்குள் நடந்தோம்.

கடைசியாகக் குறிஞ்சி ஆண்டவர் கோயில். கட்டியவர் ஆஸ்திரேலியப் பெண்மணி. இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து லீலாவதி ஆனவர். 1936-ல் எழுந்த கோயில். வானம் தெளிந்திருந்தால் இங்கிருந்தே பழனி மலை தெரியும்.

"தெரியுதா அத்தை?"

"தெரியுது. அங்கேயே போயிருந்தா பஞ்சாமிர்தமாவது கிடைச்சிருக்கும்."