கள்ளுக்கொட்டிலும் அயலவர் உளநிலையும்: ஆனையிறவை மையமாகக் கொண்ட ஒரு முன்னாய்வு

மதுவைப் பற்றி எழுதிய அறிஞர்கள் குடிப்பவரைக் கவனித்தார்கள், விற்பவரைக் கவனித்தார்கள், மதுவரித் திணைக்களத்தையும் விடாமல் கவனித்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் உலை வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் மனுசியை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. அந்தக் குறையை நீக்க முயல்கிறது இக்கட்டுரை. ஆய்வுப் பரப்பு: பரந்தனில் தொடங்கி உமையாள்புரம், தட்டுவன்கொட்டி, ஆனையிறவு தாண்டி இயக்கச்சி, பளை வரையான ஏ9 வீதியின் இருமருங்கும். ஆய்வு முறை: படலையடியில் நின்று கதைத்தல்.

முதலில் பொருளை வரையறுப்போம். கொட்டில் எனப்படுவது நாலு கப்பு, ஒரு கிடுகுக் கூரை, இரண்டு வாங்கு, மிச்சப்பேர் குந்துவதற்குப் பனங்குற்றி. சுவர் கிடையாது. 1970களில் தொடங்கிய பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபின் சில இடங்களில் பெயர்ப்பலகையும் சீமெந்துத் தரையும் உண்டாயின. ஆயினும் சுவர் விடயத்தில் பெரிய முன்னேற்றம் இல்லை.

இங்கே கள்ளு குடிக்கும் பிளாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பனையோலையை விரித்து, இரு முனையையும் சேர்த்து மடித்துக் கட்டினால் தோணி வடிவில் ஒரு பாத்திரம் கிடைக்கும். இதைக் கீழே வைக்க ஏலாது. வைத்தால் சரிந்து கள்ளு மண்ணுக்குப் போய்விடும். ஆகையால் கடைசி மிடறு வரை கையிலேயே ஏந்தியிருக்க வேண்டும். கையில் பிளா இருக்கும் மனிதன் எதிரில் இருப்பவனின் கொலரைப் பிடிப்பதென்றால் முதலில் கள்ளைத் துறக்கவேண்டும்; அவ்வளவு பெரிய துறவுக்கு யாரும் இலேசில் துணிவதில்லை. பிளாஸ்ரிக் கோப்பை வந்தபின் கோப்பை வாங்கில் இருக்கிறது, இரண்டு கையும் சும்மா இருக்கின்றன. அயலவரின் நிம்மதி கெட்டதற்கு இதுவே காரணம் என்பது எமது முதலாவது கருதுகோள்.

அடுத்து, சத்தத்தை அளப்பது எப்படி? டெசிபெல் என்ற அலகு பெருந்தெருவுக்குப் பொருந்தும். கொட்டிலில் எவ்வளவு சத்தம் என்பதைவிட எந்தப் பதத்தில் சத்தம் என்பதே முக்கியம். பதம் பார்க்க ஆனையிறவு உப்பளத்தை விட்டால் வேறு வழிகாட்டி இல்லை. உப்புத்தண்ணீரின் செறிவை அங்கே போமே பாகையில் அளப்பார்கள். கடல்நீர் ஏறக்குறைய மூன்றரைப் பாகை. வெயிலில் வற்ற வற்ற ஏறி 25ஐத் தொடும்போது உப்பு விளையத் தொடங்கும். 29ஐத் தாண்டினால் மக்னீசிய உப்புகள் மிஞ்சிக் கசப்பேறிவிடும்; அந்த நீரைத் திறந்து வெளியேற்றாவிட்டால் விளைந்த உப்பும் பழுது. பின்னேரக் கொட்டிலும் இப்படித்தான். மூன்றரைப் பாகையில் சுகநலம், மழை, நெல்லு விலை. 25இல் அரசியல் விளையும். மாகாணசபைத் தேர்தல் ஏன் நடக்கவில்லை என்பதற்கு அரசாங்கத்திடம் இல்லாத விளக்கமெல்லாம் இங்கே உண்டு. 29ஐத் தாண்டினால் சீதனக் காணி, எல்லைவேலி, 1987இல் மச்சான் சொன்ன ஒரு சொல். திறமான கொட்டில்காரன் அதற்கு முன்னமே, "அண்ணை, முட்டி முடிஞ்சுது" என்று மடையைத் திறந்துவிடுவான். முட்டி உண்மையில் முடிந்ததா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சோளகம் அடிக்கும் மாதங்களில் கொட்டிலின் வடகிழக்கே உள்ள வீடுகள் பாதிக்கப்படுகின்றன. வாடை வந்தால் தென்மேற்கு வீடுகளின் முறை. "பாதிக்கப்படுதல்" என்ற கலைச்சொல்லில்தான் எமக்குச் சிக்கல் எழுந்தது. "ஒரே கரைச்சல், காது குடுக்கேலாது" என்று முறையிட்ட தாயார் ஒருவர், அடுத்த மூச்சில் சந்திக் கடைக்காரரின் மகள் கனடாவுக்குப் போகும் திகதி, ஏஜென்சிக்குக் கட்டிய காசு, அதில் அரைவாசிக்கு ஈடு வைத்த காணி எல்லாவற்றையும் ஒப்புவித்தார். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டோம். "உவங்கள் கத்துறது கேக்காதே தம்பி?" என்றார். அவர் வீட்டு வேலியில் கொட்டில் பக்கமாக ஒரு பொட்டு இருந்தது. நாய் போய்வரும் வழி என்றார். தரையிலிருந்து நாலரை அடி உயரம். தன் வீட்டுக் கதை அடிபடும் நாளில்தான் கொட்டில் சத்தமாகிறது; மற்ற நாட்களில் அது வானொலி.

இதில் நாம் தனித்தவர்கள் அல்லர். ஜெர்மனியில், மியூனிக் நகருக்கு அருகே புல்லாக் என்ற ஊரில், மரநிழல் பியர்த் தோட்டம் ஒன்றின் அயலவர்கள் சத்தம் தாங்காமல் வழக்குப் போட்டு இரவு ஒன்பதரையோடு மூடவைக்கப் பார்த்தார்கள். 1995 மே மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள், அயலவருக்காக அல்ல, பியருக்காக. கடைசியில் 1999இல் பவேரிய அரசு தனியாக ஒரு விதியே இயற்றி இரவு 11 மணி வரை அனுமதித்தது. ஒன்பதரை மணிக்கு எங்கள் ஊரில் நாயும் படுத்துவிடும் என்பதை அந்த அரசுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

சுவர் உள்ள இடங்களைப் பற்றியும் ஒரு சொல். 2024இல் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வெளியானபோது கிளிநொச்சி மாவட்டத்துக்கு 16 என்றிருந்தது. இந்தக் கடைகளில் கண்ணாடிக் கதவு உண்டு, குளிரூட்டி உண்டு, அயலவருக்கு ஒன்றும் கேட்காது. கள்ளில் அற்ககோல் நாலைந்து வீதம். சாராயத்தில் முப்பத்துமூன்றுக்கு மேல். வெளியே கேட்காத சத்தம் பிறகு வீட்டுக் குசினியில் கேட்கிறது. நுண்கடன் கட்டும் நாளில் காசு எங்கே என்று கேட்ட ஒரு பெண் எம்மிடம் பகிடியாக எதுவும் சொல்லவில்லை; நாமும் குறிப்பேட்டை மூடிக்கொண்டோம்.

கோடிப்பக்கக் குடியர் பற்றியும் குறிப்பிடாவிட்டால் ஆய்வு நேர்மையற்றதாகிவிடும். கொட்டிலில் சீவல்காரனோடு ஒரே வாங்கில் இருந்தால் மதிப்புப் போய்விடும் என்று நினைப்பவர்கள் போத்தலில் வாங்குவித்து, வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டிலோடு ஒதுங்கிக் குடிப்பார்கள். கள்ளுக்கொட்டிலால் ஊரின் ஒழுக்கம் கெடுகிறது என்று கூட்டங்களில் நீளமாகப் பேசுவோர் இந்த வகுப்பிலேயே செறிந்து காணப்படுகின்றனர். சாதி ஒழிந்துவிட்டது என்று இவர்கள் பேசுவதும் அதே போத்தல் முடிந்த பிறகுதான்.

நிறைவாக, கொட்டிலை இடம்மாற்றக் கோரும் மனுக்கள். பள்ளிக்கூடம், கோயில் முதலானவற்றிலிருந்து தள்ளி இருக்கவேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் உண்டு. அதில் கையெழுத்திடாத ஆள் இல்லை. கொட்டிலின் நிரந்தர வாடிக்கையாளரும் சந்தோசமாக ஒப்பம் வைக்கிறார்கள், மனைவிமார் பக்கத்தில் நிற்கும்போது குறிப்பாக. எங்கே மாற்றுவது என்று கேட்டால் மட்டும் ஒரு புவியியல் இடர் தோன்றுகிறது. பரந்தன் பக்கத்தார் வடக்கே கையைக் காட்டுகிறார்கள். இயக்கச்சி பக்கத்தார் தெற்கே காட்டுகிறார்கள். இரண்டு கையும் சந்திக்கும் இடத்தில் இருபுறமும் கடல்நீரேரி, நடுவில் வீதி, தண்டவாளம், உப்பளம். அங்கே முறைப்பாடு செய்ய அயலவர் இல்லை. பனையும் இல்லை, நிழலும் இல்லை, ஒதுங்க ஒரு வேலியும் இல்லை. குடித்தவர் திரும்பி வருவதென்றால் கொழும்பு பஸ்கள் பறக்கும் வீதியால்தான் நடக்கவேண்டும். இந்த யோசனையை எமது பழைய தகவலாளரான தாயாரிடம் முன்வைத்தோம்.

"அவ்வளவு தூரத்திலயோ?" என்றார். "அங்க கதைக்கிறது இஞ்ச கேக்குமே?"