கவர்னருக்கு மழை ஆகாது

பம்பாய் மழை கவர்னர் என்றும் கூலி என்றும் ஆள் பார்ப்பதில்லை. ஜூன் பிறந்தால் திரைச்சீலையில் பூஞ்சை, பூட்ஸில் பூஞ்சை, லண்டனுக்கு எழுதிய கடிதத்திலும் பூஞ்சை. 1827இல் பம்பாய் கவர்னராக வந்த சர் ஜான் மால்கம் இதற்கு ஒரு வழி கண்டார். குளிருக்குப் பம்பாய், வெயிலுக்கு மகாபலேஷ்வர், மழைக்குப் புனேயை அடுத்த தாபோடி. பவனா ஆறு முளாவில் போய்ச் சேரும் ஊர். மழை அங்கே பெய்யத்தான் செய்யும். ஆனால் மேலதிகாரி முன்னால் பேசுவதுபோல அடக்கமாகப் பெய்யும். மேற்கு இந்தியாவில் அரசாங்கம் செலவு செய்து அறிவியல் வளர்த்த கதையில் இந்த இடமாற்றத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

மால்கம் குடிபோன பங்களாவுக்கு ஒரு பூர்வகதை உண்டு. அதைக் கட்டியவர் கேப்டன் ஃபோர்டு. மராட்டியப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவுக்காக, ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற படை ஒன்றைத் தாபோடியில் நடத்தியவர். துப்பாக்கி, பீரங்கி, கவாத்து எல்லாம் சீமைச் சரக்கு. சம்பளம் மட்டும் பேஷ்வாவுடையது. 1817 நவம்பர் 5ஆம் தேதி கட்கியில் பேஷ்வாவுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் சண்டை மூண்டபோது, அந்தப் படை தாபோடியிலிருந்து ஒழுங்காக அணிவகுத்துப் போய்க் கம்பெனி பக்கம் நின்றது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று நாம் சொல்வோம். வெளிநாட்டுத் தொழில்நுட்பம் வாங்கும்போது ஒப்பந்தத்தின் பொடி எழுத்தையும் படிக்க வேண்டும் என்று பாஜிராவுக்கு யாரும் சொல்லவில்லை போலும். ஃபோர்டின் ஆத்ம நண்பர் மோரோ தீட்சித் பேஷ்வா பக்கம் போரிட்டு அன்றே மாண்டார். அவரைக் கொன்ற குண்டு ஃபோர்டின் படையிலிருந்த பீரங்கியிலிருந்து வந்தது என்று வரலாற்றாசிரியர் கிராண்ட் டஃப் எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட வீட்டைச் சுற்றி 1828இல் மால்கம் ஒரு தாவரவியல் தோட்டம் போட்டார். கவர்னர் தங்கும் இடத்தில் தோட்டம் இருந்தாக வேண்டும். தோட்டம் இருந்தால் தோட்டக்காரர் சம்பளத்துக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். 'ஆராய்ச்சி' என்று எழுதினால் எந்தத் தணிக்கையாளரும் வாய் திறக்கமாட்டார். இந்த சூத்திரம் இன்றுவரை செல்லுபடியாகிறது.

தோட்டத்துக்குப் பத்து வயதானபோது, 1838 ஜூலை 9 அன்று, அந்த பங்களாவில் இன்னொரு கவர்னர் இறந்துபோனார். சர் ராபர்ட் கிராண்ட். மழைக்கு ஒதுங்க வந்த இடத்தில், மழைக்காலத்தின் நடுவிலேயே. இவர் தேவாலயத்துக்குப் பாட்டுக் கட்டியவர்; கூடவே பம்பாயில் இந்தியர்களுக்கு முறையான மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தவர். முந்தைய அனுபவம் அவ்வளவு உற்சாகமானதல்ல. 1826இல் தொடங்கிய 'நேட்டிவ்' மருத்துவப் பள்ளியை, நாட்டுமொழிகளில் பாடம் சொன்ன பள்ளியை, 1832இல் அரசே இழுத்து மூடியிருந்தது. கிராண்ட் மறுபடி கேட்டார். லண்டன் யோசித்தது. அனுமதி வந்து சேர்ந்தபோது கேட்டவர் கல்லறையில் இருந்தார்.

இந்த நாட்டில் கோப்பு நகர யாராவது ஓய்வு பெற வேண்டும், அல்லது இதுபோல நிரந்தர ஓய்வு. செத்த கவர்னருக்குச் சிலை வைப்பதுதான் வழக்கம். பம்பாய்ப் பிரமுகர்கள் கூட்டம் போட்டு, வசூல் செய்து, கல்லூரி கட்டத் தீர்மானித்தார்கள். உயிரோடிருந்த கவர்னரின் கடிதத்தால் திறக்காத பணப்பைகள் கவர்னரின் நினைவுக்காகத் திறந்தன. கிராண்ட் மருத்துவக் கல்லூரி 1845இல் திறந்தது. முதல் மாணவர்களில் ஒருவர் பாவு தாஜி லாட். 1851இல் பட்டம் வாங்கியவர், பிற்பாடு தொழுநோய்க்கு மருந்து தேடினார், பழைய கல்வெட்டுகளையும் படித்தார். ஒரே ஆள் இரண்டு துறையில் கைவைத்தால் இன்று கமிட்டி விளக்கம் கேட்கும்.

அதே 1838இல் தோட்டத்துக்கு வந்த கண்காணிப்பாளர்தான் என் நாயகன். அலெக்சாண்டர் கிப்ஸன், ஸ்காட்லாந்து டாக்டர். தக்காணத்துக் கிராமங்களில் அம்மை குத்திக்கொண்டு திரிந்தவர், மராத்தி பேசுவார். கம்பெனிக்கு அப்போது ஒரு கவலை. பட்டாளத்துக்கான மருந்துகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் வர வேண்டியிருந்தது. வருவதற்குள் வீரியம் பாதி போய்விடும், விலை மட்டும் முழுசாக இருக்கும். உள்ளூரிலேயே செய்தால் என்ன? இன்று மேடைதோறும் முழங்கும் 'சுயசார்பு' தாபோடிக்கு அன்றே வந்துவிட்டது.

கிப்ஸன் பயிரிட்டவற்றில் நிலாவாரையும் உண்டு. அக்கால ஐரோப்பிய வைத்தியத்தின் அடிப்படைத் தத்துவம் எளிது: நோய் எதுவானாலும் முதலில் வயிற்றைக் கழுவு. ஆகவே சாம்ராஜ்யத்தின் தற்சார்பு கழிப்பறையிலிருந்து தொடங்கியது. நம் பாட்டிமார் எண்ணெய்க் குளியலுக்கு மறுநாள் செய்ததை, கிப்ஸன் மேற்கோப்பு, துணைக்கோப்பு, ஆண்டறிக்கை சகிதம் செய்தார். பகடி போதும், அவர் தயாரித்த மருந்துகள் பம்பாய் மருந்துக் கிடங்குக்கு உண்மையிலேயே போயின. நிலாவாரை விஷயத்தில் உலகச் சந்தையில் நின்ற பெயர் மட்டும் நம் திருநெல்வேலியுடையது. தாபோடிக்காரர்கள் மன்னிக்க.

நன்றாக வேலை செய்பவனுக்கு இந்த நாட்டில் கிடைக்கும் தண்டனை கிப்ஸனுக்கும் கிடைத்தது: கூடுதல் பொறுப்பு. 1847இல் பம்பாய் மாகாணத்துக் காடுகள் முழுவதையும் அவர் தலையில் கட்டினார்கள். காட்டை வெட்டினால் ஓடை வற்றும் என்று அவர் எழுதினார்; கம்பெனிக்கோ கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். அறிக்கை அலமாரிக்குப் போனது, தேக்கு துறைமுகத்துக்குப் போனது.

அந்த ஆண்டுகளில் கிப்ஸன் ஓவியர் ஒருவரை வைத்துத் தோட்டத்துச் செடிகளை வரையச் சொன்னார். போர்த்துகீசிய வழியினர் என்று குறிப்பிருக்கிறது. படங்கள் அபாரம். இலைக்கு இலை லத்தீன் பெயர் உண்டு; வரைந்தவர் பெயர் இல்லை. எடின்பரோ தாவரவியல் தோட்டம் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறது. தாவரவியலாளர் ஹென்றி நோல்டி 2002இல் அவற்றைப் பற்றிப் புத்தகமே எழுதினார். தாபோடிச் செடிகளைப் பார்க்கத் தாபோடிவாசி விசா எடுக்க வேண்டும்.

1860களில் கவர்னர் பார்ட்டில் ஃப்ரேருக்குத் தாபோடி பங்களா போதவில்லை. கணேஷ்கிண்டில் கோபுரம் வைத்த மாளிகை எழும்பியது. செலவு எகிறியதற்கு லண்டனில் திட்டு வேறு. கவர்னர் கிளம்பினார், 1865இல் தோட்டத்துக்கும் பூட்டு விழுந்தது. மண்ணைச் சோதித்து யாரும் முடிவெடுக்கவில்லை. அய்யா வீடு மாறுகிறார், அவ்வளவுதான். அந்த மாளிகை சுதந்திரத்துக்குப் பின் புனே பல்கலைக்கழகமானது. வரிப்பணம் தெரியாமல் செய்த புண்ணியம்.

தாபோடிக்கு 1948இல் ராணுவப் பொறியியல் பள்ளி வந்து இறங்கியது, பிறகு கல்லூரியானது. நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் 'தம்பி'களும் பாலம் கட்டப் படிக்க அங்கே போவார்கள்.

உள்ளூரில் மருந்து செய்யும் ஆசை மட்டும் அந்தப் பக்கத்தை விட்டுப் போகவில்லை. லோனாவ்லா லோக்கலில் தாபோடிக்கு அடுத்தது காசர்வாடி, அதற்கடுத்தது பிம்ப்ரி. அங்கே 1954இல் யூனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் இரண்டின் உதவியோடு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் எழுந்தது, மறுவருடமே பெனிசிலின். எம். ஜே. திருமலாச்சார் அங்கே மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பூஞ்சையை ஒழிக்கும் மருந்து கண்டுபிடித்து, கம்பெனியின் முதலெழுத்துகளைக் கோத்து 'ஹாமைசின்' என்று பெயர் வைத்தார். தன் பெயரை வைத்துக்கொள்ளாத விஞ்ஞானி. அரசு நிறுவனத்தில் வேறெப்படி? பிறகு பயிர்ப் பூஞ்சைக்கு 'ஆரியோஃபங்கின்' வந்தது. 1990களில் நிறுவனமே நோயாளி என்று அறிவிக்கப்பட்டது. 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவை கூடி, கடனை அடைக்க நிறுவனத்தின் உபரி நிலத்தை விற்கலாம் என்று சிகிச்சை எழுதிக் கொடுத்தது.