நளதீர்த்தக் கரைத் திருடர்கள்

சனிக்கிழமை விடிவதற்குள் நளதீர்த்தக் கரையில் நல்லெண்ணெய் வாடை ஏறிவிடும். திருநள்ளாற்றில் வளர்ந்தவர்களுக்குக் கிழமை தெரிய நாட்காட்டி வேண்டியதில்லை, மூக்கு போதும். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சி நெருங்கும்போது அந்த வாடையோடு ஒரு பேச்சும் தெருத் தெருவாக ஏறும்: "இந்தத் தடவ எந்தெந்த ஊர்லேருந்து வந்து எறங்கியிருக்கானுவளோ!" பக்தர்களைப் பற்றிய பேச்சல்ல அது, திருடர்களைப் பற்றியது. பேரளத்திலிருந்து காரைக்கால் போகும் ரயில் எங்கள் ஊரில் நின்று போன காலம். எண்பதுகளில் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். அதற்கு முன்னால், அந்த ரயிலிலிருந்து எள் மூட்டையும் கறுப்புத் துணியும் கவலை தோய்ந்த முகமுமாக இறங்கும் கூட்டத்தில், கையில் ஒன்றும் இல்லாமல் இறங்குகிறவன்மேல்தான் ஊரின் கண் முதலில் விழும்.

எங்கள் அப்பாயி அந்த நாட்களில் தாலிக்கொடியில் ஓர் ஊக்கைக் குத்தி ரவிக்கையோடு சேர்த்துக்கொள்வாள். காசை முந்தானையில் முடிந்து, அந்த முடிச்சை இடுப்பில் செருகி, செருகிய இடத்தைக் கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகே வாசற்படி தாண்டுவாள். இரவில் கொல்லைக் கதவுக்குப் பின்னால் பித்தளைத் தவலையின்மேல் ஒரு சொம்பைக் கவிழ்த்து வைப்பாள். கதவு அசைந்தால் சொம்பு உருளும், சொம்பு உருண்டால் தெருவே எழுந்துவிடும். தவலையும் சொம்பும் எங்கள் வீட்டுடையவைதான் என்றாலும் காவல் மட்டும் தெருவுடையதாக இருந்தது. இன்று கைப்பேசித் திரையில் ஓடிபி எண் வந்து விழும்போதெல்லாம் அந்தச் சொம்புதான் நினைவுக்கு வருகிறது. அதுவும் ஓசை எழுப்புகிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கேட்பதில்லை.

குளக்கரையில் அன்றைய திருடர்கள் கண்டுபிடித்து வைத்திருந்த வழியை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. நளன் தோஷம் நீங்கிய தலம் என்று நம்பி வருகிறவர் செய்யும் காரியங்கள் ஓர் ஒழுங்கில் நடக்கும். தலைக்கு எண்ணெய் வைப்பார், குளத்தில் முழுகுவார், உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு மாற்றுத்துணி கட்டுவார், கலிதீர்த்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டு தர்ப்பாரண்யேஸ்வரர் சன்னிதிக்கும் சனீஸ்வரன் சன்னிதிக்கும் நடப்பார். இந்த ஒழுங்கில் ஓர் இடைவெளி உண்டு. உச்சந்தலையில் ஊற்றிய எண்ணெய் நெற்றி வழியே இறங்கிக் கண்ணைக் கரிக்கும்போது எவ்வளவு விழிப்பான மனிதரும் கண்ணை மூடித்தான் ஆக வேண்டும். திருடனுக்கு அந்த நேரம் போதும். படிக்கட்டில் வைத்த பை அங்கே இருக்காது. கேட்டால், பக்கத்தில் நின்றவர் எல்லாருமே எண்ணெய் வழியும் கண்ணோடு நின்றவர்கள்.

இன்னும் நயமான வழிகளும் இருந்தன. தோளில் துண்டு போட்ட பெரியவர் ஒருவர், "போயி முழுகிட்டு வாங்க தம்பி, பைய நான் பாத்துக்கறேன்" என்பார். கீழே பத்து ரூபாய் நோட்டுகளைச் சிதறவிட்டு, "ஐயா, உங்க பணம் விழுந்திருக்கு பாருங்க" என்று ஒருவன் சொல்ல, குனிந்தவரின் கைப்பையோடு இன்னொருவன் நடப்பான். போலீஸ்காரர் மாதிரி முடி வெட்டிக்கொண்ட ஒருவன், "அங்க ஒரு அம்மாவோட சங்கிலிய அறுத்துட்டாங்க, நீங்க கழட்டிப் பையில வச்சுக்குங்க" என்று அக்கறையாக எச்சரித்து, தானே காகிதத்தில் மடித்தும் கொடுப்பான். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் கூழாங்கல் இருக்கும். ஏழரைச் சனிக்கு நீலக்கல் மோதிரம் என்று கண்ணாடித் துண்டை விற்றவர்களும் உண்டு. வாங்கியவர் அதை ஆண்டுக்கணக்கில் பக்தியோடு போட்டிருப்பார். அவர்மேல் கோபம் வராது, பாவமாக இருக்கும். துன்பத்தில் இருக்கிற மனிதர் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுகிறார். ஏமாற்றுகிறவன் அந்தக் கையைத்தான் பார்க்கிறான்.

எங்கள் பையன் கூட்டத்துக்கு அப்போது தமிழ்வாணனின் சங்கர்லால்தான் உலகம். பெயர்ச்சிக் கூட்டத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டவன், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டவன், காரணமில்லாமல் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் என்று ஒவ்வொருவர் பின்னாலும் நிழலாக நடப்போம். ஒருமுறை கரையில் கூச்சல் கேட்டு ஓடினால், பிடிபட்டு நின்றவனின் நெற்றியில் எங்கள் தாத்தாவுடையதைவிடப் பட்டையாகத் திருநீறு. அவன் கழுத்து உருத்திராட்சத்தைப் பார்த்தபடி நாங்கள் நெடுநேரம் பேச்சற்று நின்றோம். நல்லவரின் தோற்றம்தான் திருடனின் முதல் கருவி என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராததை அந்தப் படிக்கட்டு சொல்லித்தந்தது. அந்த வயதின் ஆவலும், ஓடிய ஓட்டமும், திரும்பும் வழியில் வாங்கித் தின்ற சூடான சுண்டலும் இன்று எந்தக் கண்காணிப்புக் கேமராவிலும் பதிவாகாதவை.

பிறகு பள்ளியில் சிலப்பதிகாரம் படிக்கும்போது, எங்கள் ஊரிலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் வரும் பூம்புகாரில் பிறந்த கோவலன் மதுரையில் எப்படி மாட்டினான் என்று தமிழாசிரியர் விளக்கினார். கொலைக்களக் காதையில் பொற்கொல்லன், கள்வரின் துணைகளை எட்டாகப் பிரித்துச் சொல்கிறான். மந்திரமும் மருந்தும், தெய்வமும் சகுனமும், இடமும் காலமும், தந்திரமும் கருவியும் அந்த எட்டில் அடங்கும். பகலில் தூதன் வேடத்தில் அரண்மனை வாயிலில் இருந்து, இரவில் பெண் வேடத்தில் உள்ளே புகுந்து, தூங்கும் இளவரசனின் வைர ஆரத்தை எடுத்துப் போனவன் கதையையும் சொல்கிறான். வகுப்பில் அதைக் கேட்டபோது எனக்கு நளதீர்த்தக் கரை கண்முன் வந்தது. சனிப்பெயர்ச்சி காலம், குளக்கரை இடம், பரிகாரம் தெய்வம், மீதி தந்திரம். அதைவிட அழுத்தமாக மனதில் நின்றது இன்னொன்று. கள்வரின் கலையை அத்தனை நுட்பமாக விவரித்து ஊர்க்காவலரை நம்பவைத்த அந்தப் பொற்கொல்லன்தான் சிலம்பைத் திருடியவன். திருடனைப் பற்றி நம்மை எச்சரிக்க வருகிறவனே திருடனாக இருக்கலாம் என்பதற்கு அதைவிடப் பழைய சாட்சி வேண்டாம்.

எங்கள் டெல்டாவில் அந்தப் பாடத்துக்கு உலகமறிந்த இன்னொரு சாட்சியும் உண்டு. கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்கடியிலிருந்து சோழர் காலச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் நடராசரும் இருந்தார். கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட திருமேனிகள் சில ஆண்டுகளில் பழுதுபார்க்க என்று வெளியே போயின. திரும்பி வந்தது அச்சு அசலான போலி. கதவை உடைக்கவில்லை, கன்னம் வைக்கவில்லை, இருட்டில் யாரும் வரவில்லை. ஊர் மக்கள் பூப்போட்டு, விளக்கேற்றி, அந்தப் போலிக்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் கைகூப்பி நின்றார்கள். உண்மையான நடராசர் கடல் கடந்து, 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் கையில் சேர்ந்து, வழக்கும் உடன்பாடும் நடந்து 1986இல்தான் நாடு திரும்பினார். சப்தவிடங்கத் தலங்களில் ஒன்றான எங்கள் கோயிலில் நாகவிடங்கராக மரகத லிங்கம் இருப்பதால், இந்தக் கதையைச் சொல்லும் பெரியவர்கள் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கோயில் திசை நோக்கி ஒரு கும்பிடு போடுவார்கள்.

இப்போது ஊர் மாறிவிட்டது, நல்லதாகவும் மாறியிருக்கிறது. 2023 டிசம்பர் 20ஆம் தேதிப் பெயர்ச்சிக்கும் லட்சக்கணக்கில் மக்கள் வந்தார்கள். இப்போதெல்லாம் கேமராக்கள் இருக்கின்றன, ஒலிபெருக்கி அறிவிப்பு இருக்கிறது, காணாமல் போன குழந்தை சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. மூடிய ரயில் பாதையைக்கூட மறுபடி போட்டிருக்கிறார்கள். மடியில் காசு கொண்டுவருகிறவர் குறைந்ததால் முடிச்சவிழ்க்கிக்கும் வேலை குறைந்துவிட்டது. எள் பொட்டலம் விற்கும் அக்காகூடத் தேங்காய் மேல் சாய்த்து ஒரு கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். இரவில் கடை மூடும்போது அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போகிறார். அந்த அட்டையின்மேல் வேறொரு அட்டையை ஒட்டிவிட்டால் நாள் முழுக்க விற்ற காசு முகம் தெரியாத எவனுக்கோ போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். நாட்டில் பல ஊர்களில் நடந்ததுதான் அது.

ஆனால் எங்கள் ஊர்க் கூட்டத்தை நம்பி ரயிலேறி வந்த திருடனுக்கு இன்று ரயிலே வேண்டாம். சனி பகவானுக்கு அர்ச்சனை, பரிகாரம், வீட்டுக்கே பிரசாதம் என்று கோயிலின் பெயரில் போலி இணையதளம் நடத்தித் தொலைவில் இருக்கும் பக்தர்களிடம் பணம் வாங்கியதாக வழக்குப் பதிவாகி, 2025இன் தொடக்கத்தில் சிலர் கைதானார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் ஊரில் பலருக்கும் சோறு இறங்கவில்லை. கரையில் பையைப் பறிகொடுத்தவராவது குளத்தில் முழுகினார், சாமியைப் பார்த்தார். சிங்கப்பூரிலோ மும்பையிலோ மகனின் அஷ்டமச் சனிக்காகப் பணம் அனுப்பிவிட்டுத் திருநீற்றுக்காகக் காத்திருக்கும் தாய்க்கு அதுவும் இல்லை.

பண்ருட்டியில் 2020 ஜூலையில் நடந்ததும் நினைவிருக்கும். பாரத ஸ்டேட் வங்கியின் பெயரில் கிளை ஒன்றையே போலியாகத் திறந்து, ரசீதும் முத்திரையும் அச்சடித்து வைத்திருந்தார்கள். அதில் பிடிபட்ட ஓர் இளைஞனுக்கு வயது 19. சிவபுரத்தில் போலித் திருமேனி, பண்ருட்டியில் போலி வங்கி, கைப்பேசியில் போலிக் கோயில் என்று எழுபது ஆண்டுகளில் உலோகம் காகிதமாகி, காகிதம் ஒளியாகிவிட்டது. நம்பிக்கையின் உருவத்தை நகல் எடுப்பது என்ற வித்தை மட்டும் மாறவே இல்லை.

இவற்றிலெல்லாம் என்னை அதிகம் கலங்கவைப்பது 'டிஜிட்டல் கைது'. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், நாங்கள் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் காலையில் அவர் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருப்பதாக ஓர் அழைப்பு. பிறகு வீடியோவில் சீருடை, பின்னால் அசோகச் சின்னம், மேசைமேல் கோப்புகள். "கேமராவ விட்டு நகரக் கூடாது, யார்ட்டயும் சொல்லக் கூடாது, சொன்னா உங்க மகனும் உள்ள போவாரு." காலையிலிருந்து வாசல் தெளிக்காமல் கிடப்பதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரி, "என்ன டீச்சரம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று உள்ளே நுழைந்ததால் அவருடைய சேமிப்பு தப்பியது. திரையில் இன்னொரு மனித முகம் தெரிந்ததும் அந்தச் சீருடை மறைந்துவிட்டது.

சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் வானொலி உரையில் அதை மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. முந்தைய ஆண்டில் அது 7,465 கோடி. இழந்தவர்களில் படித்தவர்களும் அதிகாரிகளும் மருத்துவர்களும் உண்டு. ஆகவே ஏமாந்தவரைப் பார்த்து "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கிறவர்கள் அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும். அந்த ஏளனத்துக்குப் பயந்துதான் பலர் காவல் நிலையப் படி ஏறுவதில்லை. அந்த மௌனம் திருடனுக்கு இரண்டாவது லாபம்.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை இப்படித்தான் பார்க்கிறேன். பழைய திருடனுக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. அவன் பிடிபட்டதும் கூட்டத்தால்தான்: யாரோ ஒரு கிழவி பார்த்துவிடுவாள், யாரோ ஒரு பையன் கத்திவிடுவான். புதிய திருடனுக்கு நாம் தனியாக இருக்க வேண்டும். கதவு சாத்திய அறை, யாரோடும் பேசாத ஒரு மணி நேரம், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ஒரு வீடு. இளங்கோவடிகளின் எட்டோடு ஒன்பதாவதாகச் சேர்க்க வேண்டியது தனிமை. வசதிகள் பெருகிய இந்த ஆண்டுகளில் நாம் திண்ணைகளை இடித்துக் கிரில் கதவு போட்டோம். திருடனைத் தடுக்க என்று போட்ட அந்தக் கதவு, எதிர்வீட்டுக்காரியையும் தடுத்துவிட்டது.

அதனால் எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கும், வர முடியாமல் தொலைவிலிருந்து கும்பிடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பூசைக்குப் பணம் அனுப்புவதற்கு முன்னால் கோயில் நிர்வாகத்திடம் நேராகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் அந்த மணியிலேயே 1930 என்ற எண்ணை அழையுங்கள், சீக்கிரம் அழைத்தால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. எந்த அழைப்பானாலும், எந்தச் சீருடையானாலும், "யாரிடமும் சொல்லாதே" என்ற சொல் காதில் விழுந்தவுடன் எழுந்து போய், முதலில் கண்ணில் படுகிற மனிதரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.